கடைசிக் கட்டைகளில் சத்தம் வரவில்லை

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் காட்ட நம் கையில் ஒன்றும் இருக்காது. ஏ.சி. மெக்கானிக் குளிர்ந்த காற்றைக் காட்டலாம். தண்ணீர் மெஷின் பழுது பார்ப்பவர் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுக்கலாம். நாங்கள் ஒரு கட்டையை அழுத்திவிட்டு வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக சர்வீஸுக்குப் போகிற உங்களுக்கு, அப்படி நிற்பது எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஒரகடத்துக்காரி. அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்ததும் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் இடத்தில், ஒரு வருஷம் ட்ரெயினியாக இருந்தேன். வருஷம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். பிறகு கிடைத்ததுதான் சென்னையில் பியானோ விற்கும் ஒரு கடையில் இந்த வேலை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரை என் ஏரியா. இந்தப் பக்கம் யார் பியானோ வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். வெளிநாட்டு மேனேஜர்களின் ஃபிளாட்டுகள், அவர்கள் தங்கும் ஹோட்டல்கள், அவர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப் போன பியானோவை வாங்கிப் போட்டுக்கொண்ட சர்ச்சுகள் என்று என் வண்டி ஓடுமளவுக்கு இருக்கிறது.

பச்சை

பியானோவில் பெரும்பாலான கட்டைகளுக்கு உள்ளே மூன்று கம்பிகள் இருக்கும். மூன்றும் ஒரே சுருதியில் இருந்தால் ஒரே குரலாகக் கேட்கும். ஒன்று துளி விலகினாலும் சத்தம் அலை அலையாக ஆடும். இரண்டு கம்பிகளை ரப்பர் ஆப்பு செருகி அடக்கிவிட்டு, ஒன்றைச் சரி செய்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக அதோடு சேர்ப்போம். சேரச் சேர அலை மெதுவாகும். ஓரிடத்தில் நின்றுவிடும். அது நிற்கிற கணத்தைக் காதால் பிடிப்பதுதான் காலங்காலமாக இந்தத் தொழில்.

இப்போது அதற்கு ஆப் வந்துவிட்டது. கட்டையை அழுத்தினால் போன் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுருதிச் சாவியை மாட்டிக் கம்பியை முறுக்க முறுக்க அது மெதுவாகி, நின்று, பச்சையாகும். கடை முதலாளியை நாங்கள் சார் என்று மட்டும்தான் சொல்வோம். முதல் நாள் அவர் போனை என் கையில் கொடுத்தபோது, எனக்குச் சங்கீதம் தெரியாது என்பதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று தோன்றியது. சொன்னேன். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. “நீ கேக்கவே வேணாம்மா, பாத்தா போதும். பச்சை வந்துச்சா, அடுத்த கட்டைக்குப் போய்கிட்டே இரு.”

யாரும் தொடாத கட்டை

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உயரமான ஒரு குடியிருப்பில் ஒரு ஃபிளாட். குடும்பம் லீவுக்கு அவர்கள் நாட்டுக்குப் போயிருந்தது. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். நல்ல மத்தியானம். சோபா, மேஜை எல்லாவற்றையும் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். நான் பியானோவின் மூடியைத் திறந்து, போனை அதன் மேல் நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஆப்புகளை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் எந்தக் கட்டையையும் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். சுற்றியது. மூச்சை அடக்கினேன். அப்போதும் சுற்றியது. தாழ்ந்த ஒரு சுரம், இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ, எந்தக் கட்டைக்கும் சொந்தமில்லாமல். போனை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். குழந்தைகள் படுக்கும் அறையில் வட்டம் இன்னும் தெளிவாக இருந்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுவர் மிக லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

வாசலுக்கு ஓடிவந்து வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. “அது கீழ டிரான்ஸ்பாரம் மேடம். ராவு பகலா பாடிகினேதான் கீது. வந்த புதுசுல எனுக்குக் கேட்டுச்சு, இப்போ கேக்கறதில்ல.”

டீச்சர் மூடியை மூடினார்

ஒரகடத்தில் மதில் கட்டிய ஒரு குடியிருப்பில் பியானோ சொல்லிக் கொடுக்கும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுப் பியானோவை நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு கட்டை விடாமல் பச்சைக்குக் கொண்டுவந்தேன். அவர் இரண்டு கையாலும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு மூடியை மூடினார். தனித்தனியாக எல்லாம் சரி, சேர்த்து அடித்தால் சரியில்லை என்றார். ஒவ்வொரு பியானோவின் கம்பிக்கும் ஒரு முரண்டு உண்டு, அதற்கு இடம் கொடுத்து இடது பக்கக் கீழ்ப் பகுதியைத் துளி இறக்கியும் வலது பக்க மேல் பகுதியைத் துளி ஏற்றியும் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பச்சையை மட்டும்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரே காது இம்மானுவேல் அண்ணனுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான் ட்ரெயினியாக இருந்த அதே பிரஸ் ஷாப்பில் பல வருஷங்களாக ஆபரேட்டர். எங்கள் சர்ச்சில் பியானோ வாசிப்பவரும் அவர்தான். லீவு நாளில் அழைத்துக்கொண்டு போனேன். போனைத் திருப்பி வைக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். நடுப்பகுதிக் கட்டைகளை இரண்டிரண்டாக அழுத்தி, “கொஞ்சம் மேல… இன்னும்… போதும் சிஸ்டர், விட்டுருங்க, விட்டுருங்க” என்று அவர் சொல்லச் சொல்ல நான் சாவியைத் திருகினேன்.

டீச்சர் உட்கார்ந்து வாசித்தார். இந்தத் தடவை மூடியை மூடவில்லை. வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பி அண்ணனிடம் கேட்டார். “தம்பி, இந்தக் காதை வச்சுக்கிட்டு நீங்க எதுக்கு ஃபேக்டரிக்குப் போறீங்க?”

டொக்

அந்தக் கேள்வி இம்மானுவேல் அண்ணனைப் பிடித்துக்கொண்டது. வாடகை அறையில் படுத்தாலும் பிரஸ் அடிக்கிற அதிர்வு முதுகுக்குக் கீழே வருகிறது, எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாரிடம் பேசினேன். மெஷினை நம்பாத டீச்சர்களுக்காகக் காது உள்ள ஆள் ஒருவர் வேண்டும், நானே வந்து சோதித்துப் பார்க்கிறேன் என்றார் சார். இம்மானுவேல் அண்ணன் சர்ச் பியானோவில் பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். இரண்டொரு நாளில் எனக்குப் போன் வந்தது. கடைசி அஞ்சாறு கட்டை செத்துப்போச்சு சிஸ்டர், கட்டை இறங்குது, சத்தம் வரலை என்றார்.

பாடகர் குழு கூடியிருந்த நேரத்தில் போனேன். எல்லாரும் அதே பிரஸ் ஷாப்பிலும் பக்கத்துக் கம்பெனிகளிலும் வேலை செய்யும் பையன்கள். தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வலது கோடியில் கடைசிக் கட்டையை அழுத்தினேன். கூர்மையாக, சுத்தமாக ஒலித்தது. “பாத்தீங்களா, டொக்குன்னு கட்டைச் சத்தம் மட்டுந்தான் வருது” என்றார் இம்மானுவேல் அண்ணன். மறுபடி அழுத்தினேன். மறுபடி ஒலித்தது. ஒருவர், ஏதோ லேசாக இருக்கிற மாதிரி தெரிகிறது என்றார். மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அத்தனை பேரும் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனில் பச்சை. கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் ஒரு சத்தம் கேட்டால் அவளை என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என்னையே நம்பாமல் அதே கட்டையைத் திரும்பத் திரும்ப அடித்தேன்.

பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு பாஸ்டர் வீட்டம்மா டீத் தட்டோடு உள்ளே வந்தார். வந்தவர் அங்கேயே நின்று, ஒரு பக்கத் தோளைத் தூக்கிக் காதில் அழுத்திக்கொண்டார். “இன்னாத்துக்குமா அதையே அடிச்சிகினு கீற? ஊசிய வுட்டு காதக் கொடையற மாதிரி கீது!”

திறந்து வைத்த காது

டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. பிரஸ் ஷாப்பில் காதில் செருகிக்கொள்ள ஆரஞ்சு நிறப் பஞ்சு கொடுப்பார்கள். இரண்டு கொடுப்பார்கள், ஒன்றைத்தான் போடுவோம். இரண்டையும் போட்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது. கேட்காவிட்டால் லைன் நிற்கும், லைன் நின்றால் பேச்சு வாங்க வேண்டும். அதனால் நடைபாதைப் பக்கமிருக்கும் இடது காதைத் திறந்தே வைத்துக்கொள்வது அங்கே பழக்கம். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவதே அதைத்தான். எனக்கும் சொல்லித் தந்தார்கள். வலது காதும் முழுசாக மூடியிருந்ததில்லை. உணவு இடைவேளைக்கு எடுத்தால் மறுபடி போட மறந்துபோகும்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. வருஷா வருஷம் காது பரிசோதிக்க வேன் வரும். தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அதில் தவறினால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள், அங்கே ஓ.டி., அதாவது ஓவர்டைம் சம்பளம், கிடையாது. அந்தப் பரிசோதனையில் உங்களுக்கு என்ன வந்தது என்று நான் கேட்டேன். குழுவில் ஜெபராஜ் என்று ஒருவர், எப்போதும் எல்லாரையும் சிரிக்க வைப்பவர். அவர்தான் பதில் சொன்னார். சொல்ல ஆரம்பிக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தார். “நாங்க எல்லாரும் பாஸ் சிஸ்டர்! வேன்ல இருக்க அக்கா சத்தம் குடுக்கும்போது அவங்க தோள் லேசா அசையும்லா, அதைப் பாத்துப் பாத்து நாங்களும் பட்டனை அமுக்கிருவோம்…”

என் இடது காது

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் அந்தக் கடைசிக் கட்டையின் சுரத்தை வரவழைத்தேன். வலது காதில் வைத்தேன். கூர்மையாக இருந்தது. இடது காதில் வைத்தேன். இருந்தது. ஆனால் பக்கத்து அறைக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில், சத்தத்தைக் கேட்கிறேனா, கேட்கும் என்று எதிர்பார்ப்பதைக் கேட்கிறேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. போனை வைத்த பிறகும் அது கேட்டுக்கொண்டிருந்தது.

சாப்பிட வராததால் அப்பா வந்து கதவைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னேன். பஸ் ஹாரனுக்கும் லாரி ஹாரனுக்கும் நடுவிலேயே காலம் தள்ளுகிறவர் அவர். வாசற்படியில் நின்றபடியே கேட்டார். “நான் கூப்டா திரும்பிப் பாக்குறல்ல பாப்பா? அத்த விடு, வந்து துன்னு. வேலைய மட்டும் வுட்றாத.”

சோதனை

இம்மானுவேல் அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “சார்ட்ட சொல்லிருவீங்களா?” நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன், அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தைரியமும் இல்லை, அதற்குக் குறைவாகச் செய்ய மனசும் இல்லை. ஒரகடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில், காலை வெயிலில், சோதனை நடந்தது. சார் முன்பே வந்து மூன்று இடத்தில் கம்பியைத் தளர்த்தி வைத்திருந்தார். ஒன்று நடுவில், ஒன்று கீழே, ஒன்று மேலே. போன் இல்லாமல் கண்டுபிடிக்க வேண்டும். நடுவிலிருந்ததை அண்ணன் உட்கார்ந்தவுடன் பிடித்தார். கீழே இருந்ததையும் பிடித்தார். சார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

பிறகு மேல் பகுதி. வலது பக்கமாக ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு போனார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கட்டைகளையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். எதற்கு என்று புரிவதற்குள் அந்தக் கட்டை வந்துவிட்டது. பல் கூசுகிற அளவுக்கு விலகியிருந்தது. நான் அசையவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் விரல் நின்றது. “இதுதான் சார்.” சார் கைதட்டினார். என் முகத்தை யாரோ கழற்றி எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திரும்ப மாட்டிய மாதிரி இருந்தது எனக்கு.

ஆனால் அண்ணன் எழுந்திருக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. “சார், மேல இருக்கது எனக்குக் கேக்காது. சிஸ்டர் மூஞ்சியப் பாத்துச் சொன்னேன்” என்றார். சார் முதலில் அதை நகைச்சுவை என்று நினைத்தார். பிறகு என்னைப் பார்த்து, நிஜமா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். பஞ்சைப் பற்றி, வேனைப் பற்றி, எல்லாவற்றையும் அண்ணனே சொன்னார். சார் அந்தக் கட்டையையே மெதுவாகத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, பியானோ மேல் நிறுத்தினார். “நடுவுல உன் காது, மேல இந்தப் போன், எனக்குக் கம்பி சரியா இருந்தா போதும். ஆனா இன்னைக்கே அங்க பேப்பர் போட்டுடு தம்பி, மிச்சம் இருக்கிற காது எனக்கு வேணும்.”

பச்சை போனால்

அண்ணன் வேலையில் சேர்ந்துவிட்டார். முதல் சில வேலைகளுக்கு என்னோடு வந்தார். போன வாரம் ஒரு சர்ச்சில் இருந்தோம். நடுப்பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு முடித்தார். மேல் பகுதிக்கு என் போனை வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்துவதும் சாவியைத் துளித் துளியாக நகர்த்துவதுமாக இருந்தார். கடைசிக் கட்டையில் வட்டம் நின்று பச்சை வந்தது. உறுதி செய்துகொள்ள அதையே விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. நல்ல சுரத்தைக் கேட்கிறவர்களுக்கு வருமே, அது. நான்தான் கொஞ்சம் தள்ளி நின்று, என் வலது காதைத் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து போனில் ஓர் அழைப்பு வந்தது. பச்சை மறைந்து திரையில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் எண் வந்தது. அண்ணனின் விரல் தானாக இன்னும் ஒரு தடவை அடித்தது. சத்தம் எனக்குத் தெளிவாகவே கேட்டது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்து, “சிஸ்டர், கம்பி அறுந்துட்டா?” என்று உள்ளே குனிந்து பார்த்தார். இல்லை அண்ணா, கம்பி நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் அது முதலிலிருந்தே கேட்காதே என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, ஒரு சின்னக் குழப்பம் மட்டும். “இப்பல்லாம் கேக்குது சிஸ்டர், நெசமாத்தான் சொல்லுதேன். பச்சை இருக்கது வரைக்கும் நல்லாக் கேக்குது, பச்சை போனா சத்தமும் கூடவே போயிருது.”

ஆக எங்கள் கடையில் இன்றைய நிலவரம் இதுதான்: போனுக்குக் கேட்கிறது, அவருக்குத் தெரிகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, பியானோ மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறது.